புரொப்பேன் குளிர்சாதனப் பெட்டி போதிய அளவு குளிராவிட்டால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கனடாவிலும் அமெரிக்காவிலும் தங்கும் வசதி கொண்ட ஊர்தியான மோட்டார்ஹோம், வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர், மின்கம்பி எட்டாத ஏரிக்கரைக் கேபின் ஆகியவற்றை முதன்முறையாக வாங்குகிறவர்கள், அவற்றில் உள்ள குளிர்சாதனப் பெட்டியும் தங்கள் வீட்டுச் சமையலறையில் இருப்பதைப் போன்றதே என்று எண்ணிக்கொள்வது இயல்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் சிலிண்டரில் வரும் புரொப்பேன் எரிவாயுவில் ஓடும் பெட்டியில் கம்ப்ரசர் கிடையாது, மோட்டார் கிடையாது, குளிரூட்டும் பகுதியில் அசைகின்ற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு சிறு சுடரின் வெப்பத்தைக் கொண்டே அது குளிரை உண்டாக்குகிறது. ஆகவே குளிர்ச்சி குறையும்போது காரணத்தைத் தேட வேண்டிய இடங்களும் வேறு, தேட வேண்டிய வரிசையும் வேறு. இக்கட்டுரை அந்த வரிசையைத்தான் விளக்குகிறது.

பெட்டி எப்படி இயங்குகிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் பின்வரும் ஒவ்வொரு சோதனையின் காரணமும் தானாக விளங்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குவோம். 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர் வகுத்த அமைப்பு இது. சில ஆண்டுகளிலேயே எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று மோட்டார்ஹோம்களில் காணப்படும் டொமெட்டிக், நார்கோல்டு நிறுவனங்களின் புரொப்பேன் பெட்டிகளும் அடிப்படையில் அதே அமைப்பைக் கொண்டவைதாம்.

பெட்டியின் பின்புறத்தில் முற்றிலும் மூடிப் பற்றவைக்கப்பட்ட எஃகுக் குழாய்த் தொகுதி ஒன்று இருக்கும். அதற்குள் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவை உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கின்றன. குழாயின் உட்புறம் அரிக்காமல் இருக்கச் சோடியம் குரோமேட்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கீழே உள்ள கொதிகலனைச் சுடர் சூடாக்கும்போது, கொதிக்கும் சோற்றுப் பானையில் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு மேலெழுவதைப் போல, அம்மோனியாக் குமிழிகள் கரைசலை ஒரு மெல்லிய குழாய் வழியாக மேலே ஏற்றுகின்றன. அங்கே பிரிந்த அம்மோனியா ஆவி, உச்சியில் உள்ள தகடுகள் பொருத்திய குழாயில் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. அத்திரவம் உறைபெட்டிக்குப் பின்னுள்ள ஆவியாக்கிக்குள் இறங்கி, அங்கே ஹைட்ரஜனைச் சந்திக்கிறது. ஹைட்ரஜன் நிறைந்த இடத்தில் அம்மோனியாவின் பங்கழுத்தம் (கலவையில் அதற்கு மட்டும் உரிய அழுத்தம்) மிகத் தாழ்ந்துவிடுவதால், அது குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகிப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் உறிஞ்சிச் சுருளில் நீர் அந்த ஆவியை ஏற்றுக்கொண்டு, மீண்டும் வெப்பத்தை வெளியே விட்டுக் கொதிகலனுக்குத் திரும்புகிறது. குமிழிகள் மேலே தூக்குவதைத் தவிர மற்ற ஓட்டமெல்லாம் புவியீர்ப்பினால் நடக்கிறது.

இதிலிருந்து மூன்று தேவைகள் புலப்படுகின்றன. கொதிகலனுக்குள் போதிய வெப்பம் போக வேண்டும். பின்புறத் தகடுகளிலிருந்தும் சுருளிலிருந்தும் வெப்பம் தடையின்றி வெளியேற வேண்டும். குழாய்களின் சரிவு கெடாதபடி பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். குளிர்ச்சி குறைந்துபோன பெட்டியில் பெரும்பாலும் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றுதான் குறைபட்டிருக்கும். குழாய்த் தொகுதியே கெட்டுப்போவது நான்காவது சாத்தியம். விலை மிக அதிகமான பழுதும் அதுவே. அதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பதே நான் இங்கே வலியுறுத்தும் கருத்து. சில டாலர் செலவில், காற்று வழியை அடைத்த ஒரு குளவிக்கூட்டை அகற்றிச் சரிசெய்யக்கூடிய பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது வீண் செலவு மட்டுமன்று. குளவிக்கூடு அங்கேயே இருக்கும் வரையில் புதிய பெட்டியும் குளிராது.

தொடங்குமுன் கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தங்கும். அழுகிய முட்டையைப் போன்ற எரிவாயு நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் சிலிண்டரின் வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியேற வேண்டும். எந்த இணைப்பைக் கழற்றி மாட்டினாலும், பின்னர் வாயுவைத் திறந்து அந்த இடத்தில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி எழுகிறதா என்று பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். தீக்குச்சியைக் காட்டிக் கசிவைத் தேடும் பழக்கம் எக்காரணத்தாலும் வேண்டாம்.

கண்ணை எரிக்கும் அம்மோனியா நெடி வந்தாலோ, கொதிகலன் பக்கத்தில் மஞ்சள் நிறப் பொடியோ கறையோ தெரிந்தாலோ, குழாய்த் தொகுதி விரிசல் கண்டுவிட்டது என்று பொருள். அந்த மஞ்சள் நிறம் சோடியம் குரோமேட்டுக்கு உரியது. அது நச்சுப்பொருள், கையால் தொடக் கூடாது. கசிவோடு வெளியேறும் ஹைட்ரஜனும் அம்மோனியாவும் தீப்பற்றக்கூடியவை. ஆதலால் அப்பெட்டியை எரிவாயுவிலும் மின்சாரத்திலும் உடனே நிறுத்த வேண்டும். நிறுத்திய பின் ‘இன்னும் ஒருமுறை பார்க்கலாம்’ என்று மீண்டும் மூட்டவே கூடாது. டொமெட்டிக் நிறுவனம் 2006-இலும் நார்கோல்டு நிறுவனம் 2010-இலும் தீ அபாயத்தின் காரணமாகச் சில மாதிரிகளைத் திரும்ப அழைத்துத் திருத்தின. பழைய வண்டியை வாங்கியவர்கள் பெட்டியின் உட்சுவரில் ஒட்டப்பட்டுள்ள மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்தத் திருத்த வேலை நடந்திருக்கிறதா என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது ஆபத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சரியாக எரியாத சுடர் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். 1933 முதல் 1957 வரை செய்யப்பட்ட செர்வெல் எரிவாயுப் பெட்டிகள் இன்றும் சில பழைய கேபின்களில் இருக்கின்றன. அவை கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிர்களைப் பறித்திருப்பதால் அவற்றைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. கேபினில் இத்தகைய பெட்டியைக் கண்டால் அதைப் பழுதுபார்க்க முயல வேண்டாம். எந்தப் பெட்டியாக இருந்தாலும், படுக்கும் இடத்திற்கு அருகில் வேலைசெய்யும் நிலையில் ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

உண்மையில் எவ்வளவு குளிர்கிறது என்பதை அளப்பது

‘குளிரவில்லை’ என்ற உணர்வை வைத்துக்கொண்டு எதையும் கழற்றக் கூடாது. ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, அதில் தெர்மோமீட்டரை நிறுத்தி, பெட்டியின் நடுத்தட்டில் வைத்து, இரவு முழுவதும் கதவைத் திறக்காமல் விட்டுக் காலையில் பாருங்கள். காற்றின் வெப்பநிலை கதவைத் திறந்த கணத்திலேயே மாறிவிடும்; நீரின் வெப்பநிலை அப்படி மாறாது. நீர் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால் உணவு பாதுகாப்பாக இருக்கிறது. 6 அல்லது 7 டிகிரிக்கு மேலே நின்றால் தேட வேண்டிய காரணம் உண்டு. உறைபெட்டியின் வெப்பநிலையையும் தனியாக அளந்து எழுதி வையுங்கள். உறைபெட்டி நன்றாக உறைந்தும் கீழ்ப்பெட்டி மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால், அம்மோனியா ஓடத்தான் செய்கிறது, ஆனால் கீழ்த்தட்டு வரை போதுமான அளவு வந்துசேரவில்லை என்று கொள்ளலாம். இத்தகைய பெட்டியில் திரவம் முதலில் உறைபெட்டியையும் பின்னரே கீழ்ப்பெட்டியையும் குளிர்விப்பதால், வெப்பமோ காற்றோட்டமோ சற்றே குறைந்தாலும் அந்தக் குறை முதலில் கீழேதான் தெரியும்.

இந்த இடத்தில் பொறுமை மிகவும் வேண்டும். புதிதாக மூட்டிய பெட்டியில் உறைபெட்டி சில்லிடத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். முழுக் குளிர்ச்சிக்கு ஒரு நாள் வரை பிடிக்கலாம். ஆகவே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு அரை மணி நேரத்தில் பலனை எதிர்பார்ப்பதும், ஒரே சமயத்தில் மூன்று மாற்றங்களைச் செய்வதும் குழப்பத்தில்தான் முடியும். ஒரு மாற்றம், பன்னிரண்டு மணி நேரக் காத்திருப்பு, மீண்டும் ஓர் அளவு என்று போவதே சரியான வழி.

பெட்டிக்குள்ளே பார்க்க வேண்டியவை

பின்சுவரில் உள்ள அலுமினியத் தகடுகளின் மேல் பனி தடித்துப் படிந்திருந்தால் அதுவே வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகிவிடும். பெட்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்து, பனி தானாக உருக விட வேண்டும். கத்தியாலோ திருப்புளியாலோ சுரண்டக் கூடாது. இப்பெட்டிகள் பலவற்றில் உள்ளே விசிறி இல்லாததால் குளிர்ந்த காற்று தானாக இறங்கியும் வெப்பக் காற்று தானாக ஏறியும் சுழல வேண்டும். தட்டுகளின் மேல் தாளையோ பிளாஸ்டிக் விரிப்பையோ போட்டு மூடுவதும், தோசைமாவுப் பாத்திரத்தையும் பால் கலன்களையும் பின்சுவரோடு ஒட்டி அடுக்குவதும் அந்தச் சுழற்சியை நிறுத்திவிடும். சூடாக இருக்கும் குழம்பை அப்படியே உள்ளே வைத்தால், அந்த வெப்பத்தை வெளியேற்ற இப்பெட்டிக்கு வீட்டுப் பெட்டியைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். பயணத்திற்கு முந்தைய நாளே வெறும் பெட்டியை மூட்டிவிட்டு, வீட்டுப் பெட்டியில் நன்கு குளிர்ந்த பொருள்களை எடுத்து அடுக்குவதே வழக்கமாக இருக்கட்டும்.

கதவின் ரப்பர் விளிம்பைச் சோதிக்க ஒரு ரூபாய்த்தாளோ டாலர் தாளோ போதும். தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி மெதுவாக இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் காற்று நுழைகிறது. ரப்பரை வெந்நீரும் சோப்பும் கொண்டு துடைத்தாலே பல சமயம் பிடிப்பு திரும்பிவிடும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

மட்டம்

கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை உறைபெட்டியின் தரையில் வைத்து இரு திசைகளிலும் பாருங்கள். வண்டியின் தரையில் வைத்துப் பார்ப்பது போதாது. பெட்டி பொருத்தப்பட்ட கோணம் வேறாக இருக்கலாம். பல மாதிரிகள் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை சாய்வைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் சாய்ந்த நிலையில் ஓரிடத்தில் நிறுத்தி ஓடவிட்டால், கரைசல் கொதிகலனுக்குத் திரும்பி வராமல் வழியில் தேங்கும். சுடரோ தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கும். திரவம் வற்றிய கொதிகலன் மிகையாகச் சூடேறும்போது அதற்குள் உள்ள சோடியம் குரோமேட் பிரிந்து படிந்து மெல்லிய ஏற்றுக்குழாயை அடைத்துவிடும். பின்னர் மட்டப்படுத்தினாலும் அந்த அடைப்பு கரையாது. மட்டம் இன்றைய குளிர்ச்சியை மட்டும் பாதிப்பதன்று, பெட்டியின் ஆயுளையே தீர்மானிப்பது. வண்டி ஓடும்போது திரவம் குலுங்கிக்கொண்டே இருப்பதால் இவ்வளவு சிக்கல் இல்லை. சரிவான இடத்தில் நிறுத்திவிட்டு உறங்கச் செல்வதுதான் கெடுதி.

எரிவாயுவா, மின்சாரமா என்ற சோதனை

மோட்டார்ஹோம்களில் உள்ள பெரும்பாலான புரொப்பேன் பெட்டிகள் எரிவாயுவிலும் வீட்டு மின்சாரத்திலும் ஓடும். சில மாதிரிகள் 12 வோல்ட் மின்கலத்திலும் ஓடும். உங்கள் பெட்டி அத்தகையது என்றால், இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். முகாமில் மின் இணைப்பு கொடுத்து, மின்சாரத்தில் மட்டும் ஒரு நாள் முழுவதும் உச்சக் குளிர் நிலையில் ஓடவிட்டு, குவளை நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் எரிவாயுவில் மட்டும் அவ்வாறே செய்யுங்கள்.

மின்சாரத்தில் நன்றாகக் குளிர்ந்து எரிவாயுவில் குளிராவிட்டால், குழாய்த் தொகுதி நலமாக இருக்கிறது. குறை பர்னரிலோ புகைப்போக்கியிலோ வாயு அழுத்தத்திலோதான் இருக்கிறது. எரிவாயுவில் நன்றாகக் குளிர்ந்து மின்சாரத்தில் குளிராவிட்டால், சுடருக்குப் பதிலாகக் கொதிகலனைச் சூடாக்கும் மின் சூடேற்றியோ அதற்கு வரும் மின்னழுத்தமோ குறைபட்டிருக்கிறது. 120 வோல்ட்டில் 300 வாட் சூடேற்றியின் மின்தடை ஏறத்தாழ 48 ஓம் இருக்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மீட்டரால் அளந்தால், முடிவிலி ஓம் காட்டுவது கம்பி அறுந்துபோனதைக் காட்டும். இரண்டிலும் ஒரே அளவு மோசமாகக் குளிர்ந்தால், இரண்டுக்கும் பொதுவான காற்றோட்டம், மட்டம், கட்டுப்பாட்டு உணரி, குழாய்த் தொகுதி என்பவற்றுக்குள் தேடுங்கள். மின்சார வசதியே இல்லாத கேபின் பெட்டி என்றால் இச்சோதனையை விட்டுவிட்டு நேராக அடுத்த பகுதிக்குச் செல்லலாம்.

பின்புறக் காற்றோட்டம்

வெயில் காலத்தில் மட்டும் குளிர்ச்சி குறைகிறது, இரவில் சரியாகிவிடுகிறது என்று சொல்பவர்களின் பெட்டியில் பெரும்பாலும் குறை இங்கேதான் இருக்கும். வண்டியின் வெளிச்சுவரில், பெட்டிக்கு நேர் பின்னே, கீழே ஒரு காற்றுத்துளைக் கதவும், மேலேயோ கூரையிலோ மற்றொரு திறப்பும் இருக்கும். கீழே நுழையும் காற்று சுருளையும் தகடுகளையும் தடவிக்கொண்டு, சூடேறி, மேலே வெளியேற வேண்டும். கீழ்க் கதவைக் கழற்றி, விளக்கடித்து மேலே பாருங்கள். குருவிக்கூடு, குளவிக்கூடு, சருகு, சிலந்திவலை, தகடுகளுக்கிடையே அடைந்த தூசி என எதுவாக இருந்தாலும் தூரிகையாலும் வெற்றிடத் தூய்மிப்பானாலும் அகற்றுங்கள். கூரைத் திறப்பின் மூடியைக் கழற்றி அங்கும் பார்க்க வேண்டும். கீழிருந்து தெரியாத கூடு அங்கே இருப்பதுண்டு.

சுத்தமாக இருந்தும் வெயிலில் திணறுகிறது என்றால், பெட்டியின் முதுகுக்கும் வண்டிச் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அகன்ற இடைவெளி காற்றோட்டத்துக்கு நல்லது என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. இடைவெளி மிக அகன்றால் காற்று தகடுகளைத் தொடாமல் சுவரோரமாகவே எளிதாக ஏறிப் போய்விடும். பல மாதிரிகளின் பொருத்துதல் கையேடு சுமார் ஓர் அங்குலத்துக்குமேல் இடைவெளி விடக்கூடாது என்கிறது. அதிகமாக இருந்தால், தீப்பற்றாத மெல்லிய தகட்டைச் சுவரோடு பொருத்திக் காற்றைத் தகடுகளின் பக்கம் திருப்பிவிட வேண்டும். அதன் பிறகும் போதாவிட்டால், மேல்தகடுகளுக்கு அருகே 12 வோல்ட்டில் ஓடும் சிறு விசிறிகளை, காற்றை மேல்நோக்கித் தள்ளும்படி பொருத்தலாம். நான் அறிந்த வரையில் செலவுக்கேற்ற பலனை இவ்வளவு தெளிவாகத் தரும் மாற்றம் வேறில்லை. ஆனால் விசிறியின் காற்று சுடரை அசைக்கும்படி இருக்கக்கூடாது. பெட்டி உள்ள பக்கம் பிற்பகல் வெயிலைப் பார்க்காதபடி வண்டியை நிறுத்துவதும் வெப்பச் சுமையைக் கணிசமாகக் குறைக்கும்.

குளிர்காலத்திலும் தொல்லை உண்டு. வெளியே சுமார் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது சுருளும் தகடுகளும் அளவுக்குமீறிக் குளிர்ந்து சுழற்சி மந்தமாகும். அதற்கென நிறுவனங்கள் விற்கும் குளிர்கால மூடிகளைப் பொருத்தலாம். புகை வெளியேறும் வழியை மட்டும் எந்த நிலையிலும் மூடக்கூடாது.

சுடர், ஜெட், புகைப்போக்கி

கீழ்க் கதவைத் திறந்தால் பர்னரின் மேல் ஒரு சிறு தகட்டு மூடி தெரியும். அதை அகற்றிச் சுடரைப் பாருங்கள். நல்ல சுடர் நீலமாக, உறுதியாக, மெல்லிய இரைச்சலோடு, புகைப்போக்கிக் குழாயின் நடுவுக்கு நேர்கீழே எரியும். மஞ்சள் நாக்கு தெரிந்தால் எரிதலுக்குக் காற்று போதவில்லை; கரியும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. நீலமாக இருந்தும் குட்டையாக, சோம்பலாக எரிந்தால் வாயு போதவில்லை. சுடர் ஒரு பக்கம் சாய்ந்து குழாயின் ஓரத்தைத் தொட்டால் பர்னர் இடம் பிசகியிருக்கிறது.

சுத்தம் செய்யச் சிலிண்டரை மூடி, மின் இணைப்பைத் துண்டித்து, பர்னர் நன்றாக ஆறியபின் கழற்றுங்கள். பர்னரின் பிளவுகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, அழுத்தக் காற்றால் ஊதலாம். எரிவாயுவில் சேர்க்கப்படும் வாசனைப் பொருளின் நாற்றம் சிலந்திகளை ஈர்க்கும் என்று இத்துறையினர் பரவலாகச் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், பல மாதங்கள் நிறுத்தி வைத்த வண்டியில் பர்னர் குழாய்க்குள் சிலந்திவலை இருப்பது மிக வழக்கமான காட்சி.

பர்னருக்குப் பின்னால், வாயு வரும் குழாயின் முனையில், வாயுவைப் பீய்ச்சும் ஜெட் என்ற சிறு பாகம் இருக்கிறது. அதன் துளை மிக நுண்ணியது. சரியான அளவில் துல்லியமாகத் துளைக்கப்பட்டது. ஊசியாலோ கம்பியாலோ குத்தக்கூடாது. துளை ஒரு நூலிழை அகன்றாலும் சுடர் அளவு மீறிக் கரி பிடிக்கத் தொடங்கும். ஆல்கஹாலில் சிறிது நேரம் ஊறவைத்து, துடைக்காமல் காற்றில் உலரவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். பழைய ஜெட் என்றால் புதியதையே வாங்கிப் போடுவதுதான் என் பரிந்துரை. அதன் விலை சொற்பம். மாதிரி எண்ணுக்கு உரிய ஜெட்டாக மட்டும் அது இருக்க வேண்டும்.

பர்னருக்கு மேலே செல்லும் புகைப்போக்கிக் குழாய்க்குள் ஒரு முறுக்கிய உலோகத் தகடு கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். சூடான புகை நேராக மேலே ஓடிவிடாமல் சுற்றிச் சுற்றி ஏறி, தன் வெப்பத்தைக் கொதிகலன் சுவருக்குக் கொடுக்கும்படி செய்வது அந்தத் தகடுதான். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் பாகமும் இதுவே. அது துருப்பிடித்து அறுந்து பர்னரின் மேல் விழுந்திருக்கலாம். முந்தைய உரிமையாளர் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம். சுடர் குறையின்றி எரிந்தும் எரிவாயுவில் மட்டும் குளிர்ச்சி குறைகிறது என்றால், இத்தகடு இருக்கிறதா, கையேடு சொல்லும் உயரத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். குழாயின் மேல்முனையிலிருந்து அதை வெளியே எடுத்து, பர்னரை ஈரத்துணியால் மூடிவிட்டு, உருளைத் தூரிகையைக் குழாய்க்குள் மேலும் கீழும் செலுத்திக் கரியையும் துருவையும் உதிர்த்து எடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, பயணப் பருவம் தொடங்குமுன் இதைச் செய்ய வேண்டும்.

வாயு அழுத்தம்

வட அமெரிக்க மோட்டார்ஹோம்களில் பர்னருக்கு வரும் வாயு 11 அங்குல நீர்மட்ட அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 28 செ.மீ. உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். இது மிகக் குறைந்த அழுத்தம் என்பதால் சாதாரண டயர் அளவியால் அளக்க முடியாது, மானோமீட்டர் தேவை. குளிர்சாதனப் பெட்டியின் வாயு வால்வில் இதற்கென ஒரு சோதனை முனை இருக்கும். பெட்டி மட்டும் எரியும்போது ஒருமுறையும், அடுப்பையும் வெந்நீர்க் கலனையும் சேர்த்து எரியவிட்டு மறுமுறையும் அளக்க வேண்டும். இரண்டாவது முறை அழுத்தம் தெளிவாக இறங்கினால், ரெகுலேட்டர் தளர்ந்திருக்கிறது அல்லது குழாயில் எங்கோ அடைப்பிருக்கிறது. ரெகுலேட்டரின் திருகைத் திருகிச் சரிசெய்வதைவிட, பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடம் கொடுத்து மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

சிலிண்டரில் எரிவாயு இருக்கிறதா என்பதையும் பார்க்காமல் விடக்கூடாது. மணிக்கு 1,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும் பர்னர் ஒன்று இடைவிடாமல் எரிந்தால் நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றே மேல் புரொப்பேன் செலவாகும். 9 கிலோ சிலிண்டர் இவ்வாறு பன்னிரண்டு நாள்கள் அளவில் தீரும். பெட்டி குளிர்ந்தபின் பர்னர் விட்டுவிட்டு எரிவதால் உண்மையில் இன்னும் சில நாள்கள் நீடிக்கும்.

உயரமான மலைப்பகுதியில் காற்று மெலிந்திருப்பதால் சுடர் ஒழுங்காக எரியாது. சுமார் 5,500 அடிக்கு மேலே குளிர்ச்சி குறைவதும் பர்னர் அணைந்துபோவதும் எதிர்பார்க்கத்தக்கவையே. ராக்கி மலைத்தொடருக்குள் செல்பவர்கள் அங்கே மின்சாரத்தில் ஓட்டிக்கொள்ளலாம். அதற்காக எதையும் கழற்ற வேண்டியதில்லை.

கட்டுப்பாட்டுப் பகுதி

சுடர் நன்றாக எரிந்து, பெட்டி குளிர்வதற்கு முன்னரே அணைந்துவிடுகிறது என்றால் வெப்பநிலை உணரியைச் சந்தேகிக்கலாம். அது உள்ளே அலுமினியத் தகட்டில் ஒரு சிறு பிடிப்பில் மாட்டப்பட்டிருக்கும். நழுவி விழுந்திருந்தால் மீண்டும் மாட்டுங்கள். பல மாதிரிகளில் பிடிப்பைத் தகட்டின் மேல்பகுதிக்கு நகர்த்தினால் பெட்டி கூடுதலாகக் குளிரும். மின்னணுப் பலகை உள்ள பெட்டிகளுக்கு, எரிவாயுவில் ஓடும்போதும் 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். மின்கலம் சோர்ந்திருந்தால் பலகை தடுமாறிச் சுடரை அணைத்துவிடும். பலகை இல்லாத கேபின் பெட்டிகளில் தெர்மோகப்பிள் என்ற உலோக முனை சுடருக்குள் நின்று வால்வைத் திறந்து வைத்திருக்கும். பற்றவைக்க அழுத்திப் பிடித்த திருகுபிடியை விட்டவுடன் சுடர் அணைகிறது என்றால், முனையைக் கரி நீங்கத் துடைத்து, சுடருக்குள் நிற்கும்படி வைத்து, இணைப்பை இறுக்கிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குளிராவிட்டால்

மட்டம், காற்றோட்டம், சுடர், அழுத்தம் எல்லாம் சரி என்று அளந்து உறுதிசெய்த பின்னரே குழாய்த் தொகுதியின் பக்கம் வர வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, பின்புறக் கதவின் வழியே உறிஞ்சிச் சுருளின் அருகே புறங்கையை நீட்டுங்கள். சூடான கொதிகலன் பக்கம் கை போகக்கூடாது. கொதிகலன் பக்கம் கடுமையாகச் சூடாகியும் சுருள் சற்றும் வெதுவெதுப்பாகாமல் இருந்தால் கரைசல் ஏறவில்லை, ஏற்றுக்குழாய் அடைந்திருக்கக்கூடும். சுருளும் சூடாகி, உள்ளிருந்து நீர் கொப்புளிக்கும் ஓசையும் கேட்டு, உள்ளே மட்டும் குளிர்ச்சி இல்லை என்றால் ஹைட்ரஜன் கசிந்து போயிருக்கலாம்.

பெட்டியைக் கழற்றித் தலைகீழாகச் சில மணி நேரம் கவிழ்த்து வைத்தால் உள்ளே உள்ள திரவங்கள் கலந்து சரியாகிவிடும் என்று ஓர் ஆலோசனை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நீண்ட காலம் ஓடாமல் கிடந்த பெட்டியும், படுக்கவைத்து ஏற்றிவரப்பட்ட பெட்டியும் சில சமயம் இதனால் உயிர்பெறுவது உண்மை. ஆனால் சோடியம் குரோமேட் படிந்து அடைந்த குழாயை இது திறக்காது. கசிந்துபோன ஹைட்ரஜனைத் திரும்பக் கொண்டுவரவும் செய்யாது. கசிவின் அடையாளம் சிறிதும் இல்லாத பெட்டிக்கு மட்டுமே இதை முயன்று பார்க்கலாம். அதன் பிறகு நிமிர்த்தி, ஒரு நாள் அசையாமல் நிற்கவிட்டே மூட்ட வேண்டும்.

தொகுதி கெட்டதென்று உறுதியானால் அதைத் திறந்து மறுபடி நிரப்புவது வீட்டில் செய்யக்கூடிய வேலையன்று. முழுத் தொகுதியையும் மாற்றுவதா, புதிய பெட்டியை வாங்குவதா என்ற முடிவு பெட்டியின் வயதைப் பொறுத்தது. கதவு, ரப்பர், பலகை எல்லாம் நல்ல நிலையில் உள்ள பெரிய பெட்டிக்குத் தொகுதியை மட்டும் மாற்றுவது மலிவு. பெரும்பாலும் மின்சார இணைப்புள்ள முகாம்களிலேயே தங்குபவர்கள் 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் பெட்டிக்கு மாறுவதையும் எண்ணிப் பார்க்கலாம். எதைத் தேர்ந்தாலும், புதியதைப் பொருத்துபவரிடம் பின்புற இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். புகைப்போக்கித் தகடு மாட்டப்பட்டிருப்பதை நேரில் பாருங்கள். எரிவாயு இணைப்புகளில் சோப்பு நுரைச் சோதனையை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். முதல் இரவில் குவளை நீரின் வெப்பநிலையைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த கோடையில் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு உங்களிடம் இருக்கும்.